‘ஸ’ தீர்ந்துபோன மீலாத் மலர்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் தலைவரை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் அழைப்போம். கல்முனைக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். ஹாஜியாருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் இருந்தது, ஊருக்குள் நெல் மில் இருந்தது. இவை போக, நபிமார்களின் கண்ணியத்தைக் காக்கும் வேலையையும் தனியாளாகப் பார்த்துவந்தார். அந்த வேலையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நபியின் பெயரைக் கேட்டதும் ஸலவாத்துச் சொல்வது எங்கள் வீடுகளில் மூச்சு விடுவது போல வந்த பழக்கம். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருக்கும் என் உம்மாவின் வாய்கூட, வானொலியில் அந்தப் பெயர் வந்தவுடன் ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்று அசையும். தமிழில் கதைக்கும்போது அல்லாஹ்வை ‘அவன்’ என்போம். நபிமார்களை ‘அவர்கள்’ என்போம். அவன் ஒருவன், அதனால் ஒருமை. இவர்கள் அவனுடைய தூதர்கள், அதனால் மரியாதைப் பன்மை. யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தாமலே இது எங்கள் நாக்கில் ஏறியிருந்தது.

ஹாஜியார் இதை வேட்டையாக மாற்றியிருந்தார். ஒருநாள் தேநீர்க் கடைக்காரர் யாருக்கோ புத்தி சொல்லும்போது, “ரசூலுல்லா சொல்லியிருக்காரு” என்று வாய்தவறிவிட்டார். பெஞ்சில் இருந்த ஹாஜியார் கிளாஸைத் தட்டென்று வைத்தார்.

“காருவா? அவங்க என்ன ஒண்ட மச்சானாடா? தௌபாச் செய்!”

வாடிக்கையாளர் எல்லாருக்கும் முன்னால் அந்த மனிதர் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்தார். வயதில் அவர் ஹாஜியாருக்கு மூத்தவர்.

ஹாஜியாரின் மில்லில் மூட்டை தூக்கியவருக்கு ஒரு நபியின் பெயர். ஹாஜியார் அந்தப் பெயரோடு என்னென்ன விலங்குகளைச் சேர்த்துக் கூப்பிடுவார் என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. மில்லைக் கடந்து பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அது பாடம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புதிதாக ஆசிரிய நியமனம் பெற்று வந்திருந்தேன். அந்த வருடம் மீலாத் விழாவுக்கு ஒரு மலர் வெளியிடுவதென்று பள்ளிவாசலில் முடிவானது. தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் என்னை மலரின் ஆசிரியராகப் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே ஹாஜியார் சட்டம் போட்டார்.

“‘ஸல்’ எண்டு அடைப்புக்குறிக்குள்ள சுருக்கிற வேலை இந்த மலர்ல இரிக்கப்படா. ஒவ்வொரு எடத்திலயும் முழுசா வரணும். வெளங்கிச்சா தம்பி?”

பக்கத்தில் இருந்த மௌலவி, அமைதியான மனிதர், “முழுசா எழுதிறது நல்லந்தான்” என்றார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. நான் நினைத்துப் பார்க்காதது அச்சகத்தை.

கல்முனையில் இருந்த அந்தச் சின்ன அச்சகம் கலியாணக் கடிதமும் கடை பில்லும் அடித்துப் பிழைத்துவந்தது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கிற காலம். கோப்பவர் விநாயகபுரத்துக்காரர், சைவர். மலரின் முதல் கட்டுரையிலேயே கையை விரித்துவிட்டார்.

“சேர், ‘ஸ’ முடிஞ்சிது.”

“முடிஞ்சிதெண்டா?”

“பெட்டிக்குள்ள இல்ல. உங்கட சொல்லொண்டுக்கு ரெண்டு ‘ஸ’ போகுது. கிடந்த எல்லாத்தையும் கோத்துப் போட்டன். இனி இந்தப் பக்கத்த அடிச்சி, எழுத்தக் கழட்டி எடுத்தாத்தான் அடுத்த பக்கம்.”

அப்படியே செய்தோம். ஒரு பக்கம் கோத்து, அடித்து, கழற்றி, மறுபடி கோத்து. நாளாக ஆக அவருக்கு ஸலவாத்து மனப்பாடமாகிவிட்டது. கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலே அவருடைய விரல்கள் அந்த வரிசையில் எழுத்துக்களைத் தேடிப் போகும்.

எஞ்சியது கடைசி அடிப்பு. அதில் ஒரே தாளில் சேர்த்து அடிக்கவேண்டிய இரண்டு பக்கங்கள். ஒன்று தலைவரின் வாழ்த்துச் செய்தி. மற்றது, நபிகளார் அயலவரோடு நடந்துகொண்ட விதம் பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை. கைத்தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை அவள். மலரில் வந்த கட்டுரைகளில், வேறெங்கும் பார்த்து எழுதாதது அது ஒன்றுதான்.

ஒன்றைக் கழற்றி மற்றதைக் கோத்து, பிழை பார்க்கத் தனித்தனியே எடுத்த புரூவை ஹாஜியாரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாணவியின் கட்டுரையைச் சிவப்பு மையோடு வாசித்தவர், ஓரிடத்தில் நின்றார். ‘வந்தார்கள்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘வந்தார்’ என்று இருந்தது.

“இத எடுங்க.”

“‘கள்’ளப் போட்டாச் சரி ஹாஜியார்.”

“அதில்ல. அடக்கமில்லாத புள்ள. வீட்ட சொல்லிக் குடுக்கல்ல. முழுக் கட்டுரையையும் எடுங்க. அந்தப் பக்கத்துக்கு எங்கட மில்லுட விளம்பரத்தப் போடுங்க.”

அடுத்து அவருடைய சொந்தப் பக்கம். அதை எழுதியதும் நான்தான். அவர் சொல்லச் சொல்ல என்று வைத்துக்கொள்ளலாம். படம் பெரிதாக வரவேண்டும் என்று கொழும்பிலிருந்து உலோக அச்சுப் புளொக் செய்வித்து எடுத்திருந்தார். படத்துக்குக் கீழே அல்ஹாஜ், சமாதான நீதவான், பள்ளிவாசல் தலைவர், விழாக்குழுத் தலைவர், நெல் ஆலை உரிமையாளர் என்று பட்டங்கள் இறங்கிக்கொண்டே போயின. இவை எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் செய்தி அடங்கவில்லை. கடைசிப் பந்தி வெளியே நின்றது.

“படத்தக் கொஞ்சம் சின்னனாக்கினா…” என்றேன்.

“புளொக்க அறுக்கேலாது.”

“பட்டத்தில ஒண்டு ரெண்டு…”

அவர் என்னை முறைத்தார். செய்தியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, தன் பக்கத்தில் இருந்த ஸலவாத்து ஒவ்வொன்றையும் வெட்டி ‘ஸல்’ என்று எழுதினார். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

“படிக்கிற ஆக்களுக்கு வெளங்கும்தானே” என்றார்.

சைக்கிளை மிதித்து அச்சகம் போய்ச் சேரும்வரை எனக்குக் கோபமும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. ஹாஜியாரின் பக்கத்தைத் திருத்தியதும், கோப்பவர் கழற்றிய எழுத்துக்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “இந்தா, இவ்வளவு ‘ஸ’ மிஞ்சிக் கிடக்குது.” மாணவியின் கட்டுரைக்கு அது தாராளமாகக் காணும். ‘வந்தார்’ என்பதோடு ‘கள்’ளைச் சேர்த்து, அவளுடைய கட்டுரையை முழு ஸலவாத்துகளோடு திரும்பக் கோக்கச் சொன்னேன். மில் விளம்பரத்தைப் பின்னட்டைக்கு மாற்றினேன். பின்னட்டை என்று கேட்டதும் ஹாஜியார் உள்ளே என்ன போகிறது என்று விசாரிக்கவே இல்லை.

விழா பள்ளிவாசல் முற்றத்தில் நடந்தது. மலர் எல்லார் கைக்கும் போனபின், தலைவர் தன் செய்தியைத் தானே ஒலிபெருக்கியில் வாசிக்க எழுந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக வாசிக்கிற மனிதர்.

“எங்கள் நபி ஸல் அவர்கள்…” என்றார். அடுத்த வரியிலும் “ஸல் அவர்கள்”.

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மூன்றாவது ‘ஸல்’லுக்குப் பின்வரிசையில் இருந்து தேநீர்க் கடைக்காரர் எழுந்து நின்றார்.

“முழுசாச் சொல்லுங்க ஹாஜியார்!”

யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் குனிந்துகொண்டார்கள். குனிந்த தோள்கள் குலுங்கின. ஹாஜியார் தடுமாறி முழு ஸலவாத்தையும் சொன்னார். அதற்குள் வரி தவறிப்போனது. மறுபடி தேடிப் பிடித்தால் அங்கேயும் ‘ஸல்’. ஒவ்வொரு இடத்திலும் நின்று, நிமிர்ந்து, முழுதாகச் சொல்லி, திரும்ப வரியைத் தேடி, வியர்த்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்துத் திரைக்கு அப்பால், மாணவியின் உம்மா மகளின் பக்கத்தை விரித்து வைத்திருந்ததாகப் பிறகு என் தங்கை சொன்னாள்.

அடுத்த கிழமை கூட்டம். ஹாஜியார் குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தார்.

“காபிர் கோத்தா அப்பிடித்தான் இரிக்கும். அவனுக்கென்ன தெரியும் ஸலவாத்துட மதிப்பு?”

என்னால் பொறுக்க முடியவில்லை. “அவரு முழுசாத்தான் கோத்தாரு ஹாஜியார். ஒங்கட படம் கொள்ளல்ல எண்டு வெட்டினது நீங்க” என்றேன். சிவப்பு மை பட்ட புரூவ் என் பையிலேயே இருந்தது; வெளியே எடுக்கத் தேவைப்படவில்லை. மௌலவி கண்ணை மூடி ஸலவாத்து ஓதத் தொடங்கினார், கூட்டம் அத்தோடு கலைந்தது.

அடுத்த வருடம் மலரின் ஆசிரியர் ஹாஜியாரின் மருமகன். அச்சகமும் மாறியிருந்தது. தலைவரின் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது, செய்தி அடுத்த இரண்டு பக்கங்களுக்கு. ஸலவாத்து ஓரிடத்திலும் சுருக்கப்படவில்லை. மாணவர் கட்டுரைகளுக்கு மட்டும் இடம் போதவில்லை என்று ஆசிரியர் வருத்தம் தெரிவித்திருந்தார்.