அஷ்டமியில் போட்ட ஊசி

எங்கள் ஜெர்சி கலப்பு மாட்டுக்கு அது நான்காவது சினை ஊசி. முதல் மூன்றும் நிற்கவில்லை. ஊசி போட்ட இருபத்தொன்றாம் நாள், மறுபடி பருவத்துக்கு வந்து கட்டுத்தறியில் நின்று தெருவே கேட்கும்படி கத்தும். ஊருக்கு அதுவே அறிவிப்பு. "இந்தத் தரமும் நிக்கலைன்னா காரிமங்கலம் சந்தைக்கு ஓட்டிடு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். சினை நிற்காத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்ல மாட்டோம்.

மாடு என்னுடையது. பால் கறப்பதும் சாணி அள்ளுவதும் சோளத்தட்டு போடுவதும் நான். முடிவெடுப்பது மட்டும் அண்ணன். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இண்டூர்ப் பக்கம் எங்கள் தெருவில் என் குரலைக் கேட்டவர்களைவிட என் மாட்டின் குரலைக் கேட்டவர்கள் அதிகம்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஊசி போட்டதும் மாட்டை ஒரு மணி நேரம் படுக்க விடாதே என்றார் எதிர் வீட்டுக்காரர். புண்ணாக்குக் கடைக்காரர், எள்ளுப் புண்ணாக்கைக் குறைத்துக் கடலைப் புண்ணாக்கைக் கூட்டு என்றார். அந்த வாரம் அவர் கடையில் கடலைப் புண்ணாக்குதான் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வேறொன்று சொன்னார்.

"அண்ணா, கரு உருவாகுது. தங்க மாட்டேங்குது. பதினாறாம் நாள் வாக்குல அது 'நான் இங்க இருக்கேன்'னு தாய்க்குச் சேதி அனுப்பணும். சேதி போகலைன்னா, வயித்துல யாருமில்லைன்னு நெனச்சு உடம்பு மறுபடியும் பருவத்துக்கு வந்துடும்."

நான் தலையாட்டினேன்.

"சில கரு மெதுவா வளரும். சேதி அனுப்ப லேட் பண்ணும். பன்னண்டாம் நாள் ஒரு ஹார்மோன் ஊசி போட்டா அதுக்குக் கொஞ்சம் டைம் கிடைக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. பெப்டைடு ஹார்மோன்னு பேரு. பத்து மணி கோத்த மாதிரி குட்டியூண்டு புரதத் துண்டு. மாட்டு மூளையிலயே ஊறுறதுதான்."

வரும் வழியெல்லாம் அந்தக் கருவையே நினைத்துக்கொண்டு வந்தேன். இருக்கிறேன் என்று சொல்லத் தெரியாத ஒன்று. சொல்லாவிட்டால் இல்லை என்றே முடிவு கட்டிவிடுவார்கள். நாற்பத்தெட்டு வருடமாக வீட்டில் எனக்கும் அதே நிலைமைதான். எனக்கு யாரும் ஊசி போடவில்லை.

சினை ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் தேய்பிறை அஷ்டமி. அண்ணன் தேய்பிறை அஷ்டமி தவறாமல் பைரவர் கோயிலுக்குப் போய்ப் பூசணிக்காயில் விளக்கேற்றுகிறவர். அஷ்டமி சாமிக்கு ஆகும், மனிதனுக்கும் மாட்டுக்கும் ஆகாது என்பது அவர் கட்சி. டாக்டரம்மா ஸ்கூட்டரை நிறுத்தியபோது பூசணிக்காயும் கையுமாக வாசலில் நின்றிருந்தார்.

"இன்னிக்கி அஷ்டமிங்க. நாளைக்கி நவமி. நாளான்னிக்கி வந்து போடுங்க."

"பதினாலாம் நாள் ஆயிடுங்க ஐயா. பலன் கொறைஞ்சிடும்."

"ரெண்டு நாள்ல என்னங்க ஆயிடப்போவுது? வயித்துக்குள்ளதான கெடக்குது, எந்திரிச்சு ஓடியா போயிடும்?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எதிர் வீட்டுக்காரர், "நவமியில மாட்டுக்கு மூக்கணாங்கயிறே மாத்த மாட்டாங்க" என்று ஒத்து ஊதினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். மாடு தட்டைப் பார்த்தது. அவர் ஊசிப் பெட்டியை மூடி, ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார்.

"போடுங்கம்மா."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன்.

"ஏன்டா, நீயா பேசற?" என்றார் அண்ணன்.

"உள்ள இருக்கறதுக்கு அஷ்டமி தெரியாதுண்ணா. மாடு என்னுது. போடுங்கம்மா."

அஷ்டமியில் ஊசி போட்டதைவிட நான் பேசியதுதான் தெருவில் அன்று பெரிய சேதி. என் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, "ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதன்பின் ஒன்பது நாள் அண்ணன் என்னிடம் பேசவில்லை. அதற்கு முன்பும் அவர் பேசுவார், நான் கேட்பேன். அதனால் பாதிதான் நின்றது.

இருபத்தொன்றாம் நாள் காலையில் கட்டுத்தறிக்குப் போனேன். எனக்கு முன்பே அண்ணன் அங்கே வேப்பங்குச்சியைக் கடித்தபடி நின்றிருந்தார். இரண்டு பேரும் மாட்டின் வாயையே பார்த்தோம். அது அசைபோட்டது. கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை. அதற்கடுத்த நாளும்.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா கையை விட்டுப் பார்த்து, "சினைதாங்கண்ணா" என்றார். ஊசியாலா, கருவே சமாளித்துக்கொண்டதா என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதுங்கண்ணா" என்று சிரித்தார்.

அண்ணனால் முடிந்தது. அன்று மாலை டீக்கடையில் சொன்னார்: "அஷ்டமியில போடுங்கன்னு நாந்தான் சொன்னேன். பைரவர் நாளாச்சுதே! தம்பிதான் பாவம், பயந்துகிட்டு நின்னான்."

நான் பெஞ்சின் ஓரத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்தேன். கையில் டீ இருந்தது, குடித்துவிட்டேன். சந்தைப் பேச்சு நின்றிருந்தது. நல்ல பேரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அண்ணன் சொன்னது டீக்கடையோடு நிற்கவில்லை. நேற்று எதிர் வீட்டுக்காரரின் மாடு விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, அஷ்டமிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்று அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

தெருவைக் கடந்துபோய் நின்றேன். "பருவம் நாளைக்கி வரைக்கும் நிக்காதுங்க. இன்னிக்கே டாக்டரம்மாவக் கூப்புடுங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.