மூடி ஆடும் கெட்டில்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கென்று ஒரு மேசையும் ஒரு விளக்கும் உண்டு. ஈரமான கல் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். லென்ஸின் ஓரத்தை அதில் கொடுத்து, ஃபிரேமுக்குள் அசையாமல் உட்காரும்வரை தேய்த்தெடுப்பது அவள் வேலை. தேய்த்ததை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். தலைமுடியைவிட மெல்லிய கீறல் இருந்தாலும் போச்சு, நேரே குப்பைக்கூடைதான். "கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பாங்க, ஆனா அவங்க கையத் தாண்டி ஒரு கீறல் வெளியே போகாது" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

வீட்டுக்குப் போனால் எல்லாம் தலைகீழ்.

மாடியில் இரண்டே அறைகள். அதில் பெரியது சமையலறை. அதற்காகவே அந்த வீட்டுக்குக் குடிவந்தாள். சுவர் முழுக்கப் பலகை அடித்து, பழைய சாமான்களை வரிசையாக வைத்திருந்தாள். விளிம்பு உதிர்ந்து கறுப்பு எட்டிப்பார்க்கும் எனாமல் குவளைகள், படத்திலிருந்த வாத்து அழிந்துபோய் அலகு மட்டும் மிஞ்சியிருக்கும் பிஸ்கட் டப்பா, கைப்பிடியைச் சுற்றினால் இன்னமும் நுரை தள்ளுகிற முட்டை அடிக்கும் மிஷின், ஒரு பக்கமாகக் கொஞ்சம் பொய் சொல்லும் தராசு. எதுவும் சும்மா பார்க்க வைத்ததல்ல. தராசில் வெங்காயம் உட்கார்ந்திருக்கும். வாத்து டப்பாவில் டீத்தூள். அடிப்பக்கம் தளர்ந்த சல்லடைக்குக்கூட அவள் ஒரு வேலை கொடுத்திருந்தாள். அதைக் கிழக்கு ஜன்னலில் தொங்கவிட்டால், காலையில் எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழும். அந்தப் பொட்டுகள் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வருவதற்குள் ஒரு குவளை டீயைக் குடித்து முடிப்பாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது.

விடுமுறை நாளில் பழைய சாமான் சந்தைக்குப் போவாள். அங்கே அவளுக்குப் பெயர் கண்ணாடிக்கடை அக்கா. தூரத்தில் அவள் தலை தெரிந்ததுமே சாமான்காரர் மனைவியிடம் குரல் கொடுப்பார்: "அக்கா வந்தாச்சு. அந்த ஓட்டை உடைசல் மூட்டைய அவிழ்!"

அவள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, கடையில் லென்ஸைப் பார்ப்பதுபோலவே ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள்.

"இதுல ஒரு அடியும் இல்லையே அண்ணே. யாரும் புழங்கினதே இல்லையா?"

"நல்லா இருக்கறது ஒரு குத்தமா அக்கா? ஊர்ல எல்லாரும் அடிபட்டிருக்குன்னு விலையக் குறைப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் அடிபடலைன்னு குறைக்கறீங்க!"

அவளுடைய அண்ணியும் விடமாட்டாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் இடுப்பில் கையை ஊன்றிப் பலகைகளை அண்ணாந்து பார்ப்பாள். "கடையில கீறல் விழுந்தா தூக்கிப் போடறே. வீட்டுக்குக் கீறல் விழுந்ததாப் பார்த்துப் பொறுக்கிட்டு வர்றே. உன்னைக் கட்டிக்கிட்டு எவன் மாரடிப்பான், சொல்லு."

அவள் அண்ணிக்கு டீ போட எழுந்து போய்விடுவாள். காரணத்தைச் சொல்லத் தெரியாது அவளுக்கு. யாரோ ஒருத்தி அவசரத்தில் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டிருக்கிறாள். அப்புறம் குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடியும் அடுப்பில் வைத்திருக்கிறாள். நசுங்கி விழுந்த ஒரு சொட்டையைத் தடவிப் பார்த்து இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும் அவளுக்கு. முகம் தெரியாத அந்த வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

எல்லாவற்றிலும் அவளுக்கு நெருக்கமானது அந்த அலுமினியக் கெட்டில். வாய் ஓரத்தில் பெரிய சொட்டை. அதனால் மூடி ஒருநாளும் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. தண்ணீர் சூடேறும்போது மூடி லேசாக அசையும். கொதி வந்ததும் டக்டக், டக்டக் என்று ஆட ஆரம்பித்துவிடும். அவள் எங்கே இருந்தாலும், குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும்கூட, "வர்றேன், வர்றேன், கத்தாதே" என்பாள். தனியாக இருக்கிறவள் யாருக்காவது பதில் சொல்ல வேண்டாமா?

அப்படியிருக்கும்போதுதான் டிங்கர்காரர் கடைக்கு வந்தார்.

அடிபட்ட கார்களின் நசுங்கலை எடுத்து நேராக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. மூக்குக்கண்ணாடியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ஃபிரேம் கோணிப்போயிற்று. அவள் அதைச் சூடு காட்டி, விரலால் மெல்ல வளைத்து நிமிர்த்துவதை மேசைக்கு எதிரில் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் இதே வேலைதான் மேடம். கொஞ்சம் பெரிய சைஸ்ல பண்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறதே என்று முதலாளி எட்டிப்பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடி அடிக்கடி கோணியது. அவர்தான் கோண வைக்கிறார் என்பது கடைக்கே தெரியும். அவள் மட்டும் தெரியாததுபோல நிமிர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் கல்யாண வயது தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்குத் தலையில் முடியும் முக்கால்வாசி போயிருந்தது. அண்ணன் அண்ணி சாட்சிக் கையெழுத்துப் போட, சத்தமில்லாமல் நடந்து முடிந்தது கல்யாணம். பட்டறைக்கு மேலே இருந்த தன் அறையைக் காலிசெய்து ஒரே ஒரு பையோடு அவர் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் திணறிப்போனார். அந்த வீட்டில் அவருக்கு வேலையே இல்லை. குழாய் சொட்டவில்லை. கதவு கிரீச்சிடவில்லை. எல்லாவற்றையும் அவளே எப்போதோ சரிசெய்து வைத்திருந்தாள். ஒரு குவளை தண்ணீர் வேண்டுமென்றால்கூட, எந்தக் குவளை எதற்கு என்று தெரியாமல் பலகை முன் நின்று தலையைத் தடவுவார். "மேடம், இதுல குடிக்கலாமா?" என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அந்த மேடம் மட்டும் அவர் வாயிலிருந்து போகவில்லை.

அவளுக்கும் பயம் இருந்தது. இத்தனை காலம் தனக்கென்று வைத்திருந்த காலை நேரத்தில் இன்னொருவருக்கு எங்கே நாற்காலி போடுவது? போட்டால் தன்னால் தாங்க முடியுமா? இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவருக்கு விடுமுறையும் அவளுக்கு வேலையுமாக ஒருநாள் வந்தது. சாயங்காலம் வீடு திரும்பியவளை வாசலிலேயே வழிமறித்து நின்றார். முகமெல்லாம் பல்.

"கண்ண மூடுங்க."

"என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்?"

"மூடுங்களேன். ஒரே நிமிஷம்."

சமையலறைக்குள் கூட்டிப்போய்த் திறக்கச் சொன்னார். பலகைகள் பளபளவென்று மின்னின. அலுமினியக் குண்டான், பால் பாத்திரம், நசுங்கிய தட்டுகள், கேக் அச்சு எல்லாவற்றையும் பட்டறைக்குத் தூக்கிப்போய், உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, மேலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி, பள்ளத்தை அடைக்கும் பூச்சு ஒன்றுமில்லாமல் நேராக்கிக் கொண்டுவந்திருந்தார். அது சாமர்த்தியம்தான். அவரைப் போல இன்னொருவருக்கு அப்படி வராது. நடுவில் கெட்டில், நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல.

"ஒரு சொட்டை இருக்கா காட்டுங்க! பட்டறையில எல்லாரும் கேலி பண்ணாங்க. சம்சாரம் பாத்திரத்துச் சொட்டையெல்லாம் எடுக்கறே, உன் தலைச் சொட்டைய எப்ப எடுக்கப் போறேன்னு. போங்கடான்னுட்டேன்."

அவள் கெட்டிலைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் வாய் ஓரத்தைத் தேடிப்போனது. அங்கே ஒன்றுமில்லை. விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

மறுநாள் காலை டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். தலைக்கு ஊற்றி முடித்தும் சத்தம் வரவில்லை. இன்னும் கொதிக்கவில்லைபோல என்று நிதானமாகத் துவட்டிக்கொண்டு வந்தால், வீடெல்லாம் கருகல் வாடை. மூடி வாயோடு வாயாக அசையாமல் பொருந்தி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் மூக்கு வழியே ஆவியாகப் போய்ச் சேர்ந்து, அடி கறுத்துப்போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். எதற்கென்று தெரியவில்லை, கண்ணில் நீர் முட்டியது. வாசலில் அவர் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"என்னாச்சு மேடம்?"

"ஒண்ணுமில்லைங்க. அது கொதிச்சா சத்தம் போடும். சத்தம் வரலை, நானும் வரலை."

அவர் கெட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பலகைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். காரில் எங்கே அடி என்று வண்டிக்காரர் சொல்வதற்கு முன்பே கண்டுபிடிக்கிற கண் அது. முகம் மெல்ல வெளுத்தது.

"வேணும்னுதான் வெச்சிருந்தீங்களா எல்லாத்தையும்?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை பட்டறையிலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்தார். "எந்த இடம்னு காட்டுங்க. நானே போட்டுத் தந்துடறேன்." அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவர் கெட்டிலை மடியில் வைத்து, சுத்தியலை ஓங்கினார். இறக்கினார். இன்னொரு தரம் ஓங்கினார். வாழ்நாளெல்லாம் சொட்டை எடுத்த கைக்குச் சொட்டை போட வரவில்லை. நெற்றி வியர்த்துவிட்டது.

"விடுங்க. வேணும்னே போட்டா அது தானா விழுந்த சொட்டை மாதிரி இருக்காது" என்று அவள் சுத்தியலை வாங்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. கதவு நிலையருகே நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பார். குடித்த குவளையைக் கழுவி, நிலைக்கு வெளியே ஸ்டூலில் கவிழ்த்து வைப்பார். காலை வெளிச்சம் சுவரில் பொட்டு வைக்கும் நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போய்விடுவார். அவள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. காலை நேரம் முழுசாக அவளுக்கே திரும்பக் கிடைத்தது. ஆனால் டீ இறங்கவில்லை. வெளிச்சம் தரைக்கு வருவதற்குள் ஆறிப்போன குவளையைக் கவிழ்த்துவிட்டு, தெருமுனையில் அவர் தலை தெரிகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே வந்து உட்காருங்களேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"இல்ல, எதையாவது கெடுத்து வெச்சிடுவேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் தெரியவில்லை. ஒரு நல்ல விருந்தாளி எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். இப்படியே இந்த மனுஷர் கடைசிவரைக்கும் நிலைக்கு வெளியிலேயே நின்றுவிடுவாரோ என்பதுதான் இப்போது அவள் பயம்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து உட்கார்ந்தாலே சுற்றியது. அவர் லீவு சொல்லிவிட்டு, கட்டிலருகே வந்து கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கடையில போய் டீ வாங்கிட்டு வரட்டுமா?"

"வேணாம். நம்ம வீட்டு டீதான் வேணும்."

"நானா போடறது?"

"வேற யாரு? கெட்டிலா தானே போட்டுக்கும்?"

நிலைவரை போன காலடி அங்கேயே நின்றது. பிறகு சமையலறைக்குள் காலடிச் சத்தம், திருட வந்தவன்போல. குழாய் திறந்தது. மூடியது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டீத்தூள் எதில் என்று கேட்க வெட்கம்போலும். அவளும் சொல்லவில்லை. போர்வைக்குள் படுத்தபடி, தன் வீட்டில் வேறொருவர் உருட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.

திடீரென்று படார் என்று ஒரு சத்தம். தண்ணீர் கொட்டுவதும், மூடி தரையில் வட்டமடித்து வட்டமடித்து ஓய்வதும் கேட்டது. அவள் கூப்பிட வாயெடுத்தாள். பிறகு வேண்டாமென்று காத்திருந்தாள்.

துணியால் தரையைத் துடைக்கும் சத்தம். குழாய் மறுபடி திறந்தது. அடுப்பு பற்றிக்கொண்டது.

கொஞ்சம் பொறுத்து, முதலில் மெதுவாக, அப்புறம் தைரியமாக, சமையலறையிலிருந்து வந்தது: டட்டக், டட்டக். பழைய சத்தம் அல்ல. அது நேராக ஆடும். இது நொண்டியது. எங்கேயோ வேறு பக்கம் அடிபட்டிருக்க வேண்டும்.

அவர் படுக்கையறை நிலையில் வந்து நின்றார். முழங்கால்வரை பேண்ட் நனைந்திருந்தது.

"கைதவறி... சிங்க் மேல விழுந்துடுச்சு. நல்ல சொட்டை. நீ ஒண்ணும் கவலைப்படாதே, சாயங்காலமே பட்டறைக்குக் கொண்டுபோய்..."

"அதுல கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி!"

காய்ச்சல்காரியின் குரலா அது என்று அவரே ஒரு எட்டுப் பின்வாங்கினார். அவள் தலையணையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

உள்ளே கெட்டில் விடாமல் நொண்டியது.

"போங்க, கூப்பிடுது பாருங்க" என்றாள்.

"வர்றேன், வர்றேன்" என்று அவர் சமையலறைக்குள் ஓடினார்.