மாமா என் காலில் விழுந்த நாள்

எட்டு வயதுக்குள் நான் குனியாத இடம் இல்லை. ரங்கூனில் ஐப்பசி நெருங்கினால் பிள்ளைகளுக்கு முதுகு ஓயாது. பபேடான் பேட்டையில் எங்கள் கட்டடத்துப் பர்மியக் குடும்பங்களுக்கு அது விளக்குப் பண்டிகைக் காலம். பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட வேண்டும். கடோ என்பார்கள். கும்பிட்டால் பிஸ்கட் கிடைக்கும் என்பதால் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரு மாடி விடாமல் ஏறிக் கும்பிட்டோம். வீட்டிலோ விஜயதசமிக்கு அம்மா, அப்பா, வருகிறவர், போகிறவர் எல்லார் காலிலும் விழுந்தாக வேண்டும். என் காலில் ஒருவர் விழக்கூடும் என்பது மட்டும் என் கணக்கில் இருந்ததே இல்லை.

அம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா. தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்விட, அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வளர்ந்த மாமா மாவ்பிக்குப் போகும் லைன் காருக்கு டிரைவர் ஆனார். ஆட்கள், மூட்டைகள், கோழிக்கூடைகள் எல்லாம் ஒன்றாக ஏறும் வண்டி அது. அதில் மாவ்பியிலிருந்து பால் கேன்களோடு தினமும் ஏறிய ஒரு நேப்பாளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். அந்த வித்தியாசத்தில் அக்கா தம்பி பேச்சு நின்றுபோனது. அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை.

"வளத்தவ காலுல வந்து விழட்டும், அப்பறம் பாக்கலாம்" என்பாள் அம்மா.

"நான் என்ன திருடினேனா, கால்ல விழ?" என்று மாமா சொல்லி அனுப்புவார். அப்பா இரண்டு பக்கச் சொல்லுக்கும் கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் மறுபக்கம் கொண்டுபோவார். அப்படியும் இனிக்கவில்லை.

அந்த விஜயதசமி காலையில் மழை விட்டிருந்தது. தெருச் சேற்றில் விளையாடிவிட்டு நான் மாடி ஏறி வந்தபோது, எங்கள் கூடத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில், சிவப்புச் சேலையில், கையில் மூடிய பித்தளைத் தட்டோடு ஒரு பெண். கதவைத் திறந்துவிட்ட அப்பா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வடைச் சட்டி மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசியது.

"இதான் உன் அத்தை" என்றார் மாமா.

அத்தை தட்டைத் திறந்தாள். தயிரில் குழைத்த சிவப்பு அரிசியை எடுத்து என் நெற்றி நிறைய அப்பினாள். இளம்பச்சையாக முளைத்திருந்த வாற்கோதுமைப் பயிரில் கொஞ்சம் எடுத்துக் காதில் செருகினாள். எனக்கு முறை தெரியும். காலில் விழ வேண்டியதுதான் பாக்கி. குனிந்தேன். அத்தை நெருப்பை மிதித்தவள் போலத் துள்ளிப் பின்னால் போய், என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். அடுத்த நொடி அவளே மண்டியிட்டு, சேறு காயாத என் பாதங்களில் நெற்றியை வைத்தாள்.

மூத்தவர்கள் சின்னவர்கள் காலில் விழுந்தால் சின்னவர்களுக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் வீடு அதிர அலறினேன்.

"அம்மா, நான் சாகப்போறேன்!"

வெளியே வரமாட்டேன் என்றிருந்த அம்மா வடை அரிக்கும் சாரணியும் கையுமாக ஓடி வந்தாள். மாவ்பிக்காரி தன் மகளின் காலடியில் கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்கும் ரத்தம் சுண்டிவிட்டது.

"என்ன பண்றா இவ? எம்புள்ளைக்கு என்ன வெச்சா?"

அத்தை எழுந்து கைகூப்பி, "ஹஜூர்" என்றாள். அம்மா இன்னும் என்னென்னவோ கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலை தாழ்த்தி ஒரு "ஹஜூர்." அதை யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டேன். மரியாதையாக 'சொல்லுங்கள்' என்பதற்கும் 'ஆமாம்' என்பதற்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல்தான் என்று பின்னால் தெரிந்தது.

மாமாதான் குறுக்கே வந்தார். "அக்கா, இன்னிக்கு அவங்களுக்கு தசைன் பண்டிகை. அவங்க மொறை இது. அக்கா பொண்ணு தாய்மாமனுக்குச் சாமி. நாமதான் அவ காலைத் தொடணும். அவ நம்ம காலைத் தொட்டா நமக்குப் பாவம். எல்லாம் அக்கா வயித்துல பொறந்ததுக்கு உண்டான மரியாதை."

அம்மா அத்தையின் முகத்தையே பார்த்தாள். பொட்டுக்கு மேலே என் காலின் சேறு அப்படியே பதிந்திருந்தது. அம்மா சாரணியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்து, அந்தச் சேற்றைத் துடைத்தாள். பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல அழுத்தித்தான் துடைத்தாள்.

"ஆமாஜு" என்றாள் அத்தை. புருஷனுடைய அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"காலையில ஏதாச்சும் சாப்ட்டாளாடா இவ?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்லக்கா. திலகம் வெச்சு முடியுற வரைக்கும் சாப்பிட மாட்டாங்க. நான் இன்னும் விழலயே."

என்னை மறுபடி நிற்க வைத்தார்கள். ஆயுசு பயம் முழுசாகப் போகவில்லை. ஓடிவிடாதபடி அம்மா பின்னாலிருந்து என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். மாமா மண்டியிட்டு நெற்றியை என் பாதத்தில் வைத்தார். அத்தை மாதிரி உடனே எழுந்திருக்கவில்லை. அவர் மூச்சு என் கால்விரல்களில் கூசியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா, மாமா தூங்கிட்டாரா?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். அத்தைக்குப் புரியாவிட்டாலும் அவளும் சிரித்தாள். அடுப்பில் எண்ணெய் புகைந்து மணக்க, அம்மா மட்டும் அசையவில்லை.

பிறகு ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து கருகிய வடையைச் சாப்பிட்டோம். அத்தை அதையும் ஹஜூர் போட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு பெரியவர்கள் என் காலில் விழுந்த கதையை அன்று சாயங்காலம் கட்டடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். கீழ்மாடிப் பர்மியப் பாட்டியம்மா நம்பவே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தசைனுக்கும் அவர்கள் வந்தார்கள், நானும் காலைக் கழுவிவிட்டுச் சாமிபோல நின்றேன். அத்தனையும் எனக்கே வந்த மரியாதை என்றுதான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் நாள் மாமா குனிந்து கிடந்தபோது அம்மாவின் விரல்கள் என் தோளை மேலும் மேலும் இறுக்கியதை, நான் விழுந்துவிடுவேனோ என்று அவள் பயப்படுவதாக எடுத்துக்கொண்டேன். "நான் விழமாட்டேம்மா" என்று தைரியம்கூடச் சொன்னேன்.