ஐந்து பேர் போன கவுன்சிலிங்

மாப்பிள்ளை. அவருடைய அம்மா. அவருடைய தாய்மாமன். என் தங்கச்சி. நான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிப்படியில் வரிசையாக ஏறியவர்கள் இவ்வளவு பேர்.

மாப்பிள்ளை என்றால் தங்கச்சி வீட்டுக்காரர். வல்லத்திராக்கோட்டைக்காரர். குவைத்தில் கட்டட வேலை. லீவில் வந்தவருக்கு முதலில் தூக்கம் போனது. அப்புறம் சாப்பாடு குறைந்தது. கடைசியில் பேச்சும் நின்றுவிட்டது. திரும்பிப் போக டிக்கெட் போட்டாயிற்று. அன்றைக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள் இருந்தது.

கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கேட்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் ஒன்றுமில்லை, கவுன்சிலிங் கூட்டிப் போங்கள் என்றார். போனோம்... குடும்பத்தோடு.

மாடியில் போர்டு இல்லை. கவுன்சிலிங் மேடம் வாசலில் நின்று கூப்பிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"என்ன மேடம், போர்டு காணோம்?" என்றார் மாமா.

"போர்டு வச்சா யாரும் ஏற மாட்டாங்கய்யா. இப்பன்னா ஜெராக்ஸ் எடுக்க வந்தோம்னு சொல்லிக்கலாம்ல."

அறையில் இரண்டே நாற்காலி. மாமா சுற்றிப் பார்த்தார். கீழே கடையில் கேட்டு நான்கு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார்.

"நாற்காலி இல்லாம இல்லங்கய்யா. ரெண்டுக்கு மேல போட மாட்டேன்" என்றார் மேடம்.

மாமா முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். ரத்த ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். பக்கத்தில் ஜாதகத்தையும் வைத்தார். மேடம் ரிப்போர்ட்டைப் படித்தார். ஜாதகத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"உங்களுக்கு என்ன செய்யுது?" மேடம் கேட்டது மாப்பிள்ளையிடம்.

"தூக்கமே இல்லீங்க" என்றார் மாமா.

"ரெண்டு இட்லிக்கு மேல எறங்க மாட்டேங்குது" என்றார் அவருடைய அம்மா, எனக்கு அத்தை.

"கூப்புட்டா திரும்பிப் பாக்குறாரு, அம்புட்டுத்தான்" என்றது தங்கச்சி.

"டிக்கெட் இருக்கு மேடம். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருங்க" என்று முடித்தார் மாமா. மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுப்பது போல.

மாப்பிள்ளை? செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் மற்றவர்களைக் கீழே இருக்கச் சொன்னார். தனியாக உட்கார மாப்பிள்ளைக்கு மனமில்லை. கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மேடம் சொன்னார்: "இன்னிக்கு மட்டும் ஒருத்தர் கூட இருக்கட்டும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைக் காட்டினார்.

"நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதுங்க" என்றார் மேடம் என்னிடம்.

தங்கச்சி சிரித்துவிட்டது. "எங்கண்ணன் தன்னோட கல்யாணத்துலயே பேசலை. நீங்க பயப்படாம உக்கார வைங்க."

எனக்குக் கதவோரம் ஒரு நாற்காலி வந்தது. மற்றவர்கள் கீழே போனார்கள்.

மேடம் முதலில் தன்னைப் பற்றிச் சொன்னார். சொந்த ஊர் கட்டுமாவடி. படகு வைத்திருக்கும் குடும்பம். "எங்க வீட்ல எல்லாரும் கத்தித்தான் பேசுவாங்க. மோட்டார் சத்தத்துல பேசிப் பழகுனவங்க. கேக்கத்தான் ஆளு இல்ல. அதான் கேக்குற வேலைக்கு வந்துட்டேன்." சைக்காலஜி படித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரியில் சில வருடம் இருந்தாராம். "அங்க ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம். அழ ஆரம்பிக்கவே பத்து நிமிஷம் ஆகும்ங்க." விட்டுவிட்டு வந்து இந்த அறையைப் பிடித்தார். இங்கே ஐம்பது நிமிடம்.

மாத்திரை எழுத மாட்டார். தேவைப்பட்டால் அதற்கான டாக்டரிடம் அனுப்புவார். இங்கே பேசுவது வெளியே போகாது. இதையெல்லாம் சொன்னார். பிறகு சும்மா இருந்தார்.

மாப்பிள்ளையும் சும்மா இருந்தார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம். நான் விராலிமலையில் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்த மோட்டார் வந்தால் உடனே பிரித்துவிடுவேன். இந்த அம்மா பிரிக்கவே இல்லை. பேசாத ஆளான எனக்கே வாய் நமநமத்தது. 'சொல்லுங்க மாப்ள' என்று நாக்கு வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

அப்புறம் மாப்பிள்ளை அவராகவே பேசினார்.

"ரூம்ல கூட இருந்த பையன்... சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். செத்துப்போயிட்டான். மறுநாள் அதே சாரத்துல என்னைய ஏறச் சொன்னாங்க. ஏறுனேன்."

"ஏறுறப்ப என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலைங்க. வேலை பாத்தேன். இங்க வந்தப்புறந்தான்... கண்ண மூடுனா நான் விழுறேன்."

மேடம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அவர் குடித்தார். அழுதார்.

உள்ளே பேசியதை நான் எப்படி எழுதலாம் என்று கேட்பீர்கள். மாப்பிள்ளையிடம் கேட்டேன். "பேரு வேணாம் மச்சான். மத்தத எழுதுங்க. எனக்கு மாதிரி எத்தன பேருக்கு இருக்கோ" என்றார்.

நேரம் முடிந்ததும் வாசலில் நான் வாயைத் திறந்தேன். "அவரு போகலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லிருங்க மேடம்."

"அத அவருதாங்க சொல்லணும். நீங்க யாரும் முந்திக்காதீங்க."

கீழே மாமாவுக்குக் கோபம். "ஊசி இல்ல, மாத்திரை இல்ல. பேசுறதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்? அத வீட்லயே பேச மாட்டானா?"

வீட்டில் அவர் எப்படிப் பேசுவார்? நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோமே. அவருக்கு என்ன செய்கிறது, என்ன பிடிக்கும், எப்போது கிளம்புகிறார்... எல்லாவற்றுக்கும் நம்மிடமே பதில் இருக்கிறது. பாசத்தில்தான் செய்கிறோம். அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மாப்பிள்ளை தனியாக பஸ்ஸில் போய் வந்தார். மாமா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாராம்.

நான்காவது தடவை போய் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன். மாமா பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"நான் போகலை."

சத்தமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

"என்னடா சொல்றே? விசா என்னாகுறது?" மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் ஏதேதோ சொல்ல வந்தது. சொல்லவில்லை.

தங்கச்சி கரண்டியோடு நின்றது.

"சரி, சாப்புடுங்க" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டது.

அவர் அதையும் சாப்பிட்டார்.

மாமா அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. மாப்பிள்ளை இங்கே என்ன வேலை செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. தூக்கம் சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை. சனிக்கிழமை பஸ்ஸைத் தவறவிடுவதில்லை. டிக்கெட் தேதி தாண்டி இன்றோடு பதினோரு நாள்.