இரண்டு விரல் இடைவெளி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது நடந்ததுதான். நானே என்னைப் பலமுறை குறுக்கு விசாரணை செய்து பார்த்துவிட்டேன். தூக்கக் கலக்கமா, பயமா, விஷக் காற்றின் மயக்கமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றையும் தள்ளிய பிறகும் அந்தக் கை மட்டும் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் சர்க்கரைப் பீட்ரூட் அறுவடை. நானும் என் தம்பி வெஸ்ஸும் இரவு ஷிப்ட். லாரிகள் கொண்டுவரும் கிழங்கை ராத்திரி முழுக்க மலைபோல் குவிப்போம்; பகலில் தூங்குவோம். தொழிலாளர்கள் தங்கும் முகாமிலேயே ஒருவரிடம், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய கேரவன் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் உள்ளே வந்து எதையும் காட்டவில்லை. படியருகே நின்று சாவியை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் முதல் சண்டையே ஹீட்டரில்தான் தொடங்கியது. கேரவனோடு வந்த ஹீட்டரின் புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். நல்லதுதான். ஆனால் அதன் விசிறி பழைய பேட்டரியை ஒரே பகலில் தீர்த்துவிட்டது. சரி, மின்சார ஹீட்டர் போடலாமென்றால் அதற்கும் ஒரு சிக்கல். உறைந்த கிழங்கு குவியலில் அழுகிவிடும் என்பதால், கடும் பனி விழும் நாளில் தோண்ட மாட்டார்கள். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் எல்லாரும் முகாமில்தான் கிடப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஹீட்டர் போடுவார்கள். மொத்த முகாமுக்கும் கரண்ட் போய்விடும்.

அந்த வாரம் பனி விட்டபாடில்லை. வெஸ் ஒரு சின்ன கேஸ் ஹீட்டர் வாங்கி வந்தான். புகைக்குழாய் இல்லாதது. அறையின் காற்றையே எடுத்து எரிந்து, கழிவை அறைக்குள்ளேயே விடும். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறக்க வேண்டும். கூரைத் திறப்பும் திறந்திருக்க வேண்டும். எல்லாரும் தூங்கும்போது எரியவே கூடாது. மூன்றையும் நான் அவனிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னேன். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருப்பது என்று ஏற்பாடு.

முதல் நாள் நான் தூங்கி எழுந்தபோது தலை பிளந்தது. ஜன்னல் மூடியிருந்தது. வெஸ் எதிரே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா மூடின?"

"எதை?"

"ஜன்னலை."

"அம்மா தாயே, நான் இந்த இடத்தைவிட்டு எந்திரிக்கவே இல்ல."

"பொய் சொல்லாத. குளிருது குளிருதுன்னு மொனகினவன் நீதான்."

"ஆமா, குளிருதுதான். ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ஹீட்டர் போடற ஒரே ஆளு நீதான் ட்ரூடி. மொத்த டகோட்டாவையும் சூடாக்கப் போறியா?"

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும். சிவக்கவில்லை.

மறுநாள் என் முறை. ஜன்னல் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வைத்தேன். வெஸ் குறட்டை விட்டான். காப்பி ஊற்றத் திரும்பினேன். அவ்வளவுதான்.

கிர்ர்… கிர்ர்… கிர்ர்…

ஜன்னலைத் திறந்து மூடும் சுழல் கைப்பிடியின் சத்தம். திரும்பினேன். ஜன்னல் மூடியிருந்தது. கரண்டி மேசைமேல் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை… யாரோ எடுத்து வைத்ததுபோல் நேராக இருந்தது.

வெஸ்ஸை எழுப்பினேன். "இங்க வேற யாரோ இருக்காங்கடா."

"உனக்குத் தூக்கம் பத்தல. என்னையும் தூங்க விடு."

மூன்றாம் நாள் காலை. ஹீட்டரை நானே அணைத்தேன். குமிழைத் திருப்பி, செந்தழல் கறுக்கும்வரை நின்று பார்த்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். தூங்கிக்கொண்டிருந்த வெஸ்ஸை விட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, துணி துவைக்க முகாமின் பொதுக் கட்டடத்துக்குப் போனேன்.

திரும்பும்போது ஒன்பதரை மணி. நல்ல வெயில். எங்கள் காரைக் கடக்கும்போது, பின்சீட்டில் ஒரு காலுறை 'பீப்' என்றது. உள்ளே கேரவனின் கார்பன் மோனாக்சைடு அலாரம்; ஹீட்டர் விடும் விஷ வாயு சேர்ந்தால் கத்துவது. தூக்கத்தைக் கெடுக்கிறதென்று வெஸ் கழற்றிப் போட்டிருக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. இன்றைக்கு இவனை விடுவதில்லை என்று நிமிர்ந்தேன்.

கேரவன் ஜன்னல் இறுக மூடியிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. மூடிய பிறகும்… சுற்றிக்கொண்டே…

மெலிந்த கை. வெஸ்ஸுடையது இல்லை.

ஓடினேன். சாவி திரும்பியது. கதவு வரவில்லை. பூட்டிய கதவு இப்படி இருக்காது. நான் இழுத்தால் கொஞ்சம் வந்தது. பிறகு உள்ளே போனது. யாரோ அந்தப் பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

"வெஸ்! டேய் வெஸ்!"

உள்ளேயிருந்து ஒரு குரல். வறண்ட குரல். என் காதருகே.

"மூடு."

அலறினேன். அடுத்த கேரவன் பெர்னடீன் கடப்பாரையோடு ஓடி வந்தாள். "தள்ளுடி!" என்று நெம்பினாள். இரண்டாவது நெம்பலில் கதவு பிய்ந்து வந்தது.

உள்ளே அடுப்புபோல் அனல். ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தது. கூரைத் திறப்பும் மூடியிருந்தது. வெஸ்மேல் எல்லாக் கம்பளிகளும், என் கோட்டும், தரைவிரிப்பும்கூட. நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் செருகியிருந்தது. கையைக்கூட அசைக்க முடியாதபடி இறுக்கம்.

அவன் முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. கண் திறக்கவில்லை.

பெர்னடீன் அவன் காலைப் பிடித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

அந்த அனலில்… கண்ணாடியின் உட்பக்கம் மட்டும் வெள்ளையாக உறைந்திருந்தது.

வெஸ் பிழைத்தான். மருத்துவமனையில் ஆக்ஸிஜன் முகமூடியோடு ஒரு பகலும் இரவும் கிடந்தான். கண் விழித்ததும், தான் எழுந்திருக்கவே இல்லை, ஹீட்டரைத் தொடவே இல்லை என்றான். ஜன்னலில் தெரிந்த அந்தக் கையைப் பற்றி நான் மருத்துவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த வாயு மூளைக்குப் போனால் இல்லாததெல்லாம் தெரியும், குரல்கூடக் கேட்கும் என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வெஸ்ஸைக் கொண்டுவந்த உடனேயே என் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள். முடிவு வந்தது.

என் ரத்தத்தில் அந்த வாயு இல்லை.

சாயங்காலம் பெர்னடீன் சூப் கொண்டுவந்தாள். வெளியே நடையில் என்னை நிறுத்தினாள்.

"அந்த வண்டிய உங்களுக்குக் குடுத்தப்ப அந்தாளு ஒண்ணும் சொல்லலியா?"

"என்னத்த?"

"போன வருஷம் ரொவீனான்னு ஒருத்தி அதுல தனியா இருந்தா. வாயாடி. கேஸ் ஹீட்டர் போட்டவன் ஒருத்தனையும் விடமாட்டா. கதவத் தட்டி, 'ஜன்னலைத் திறங்கடா, செத்துத் தொலையாதீங்க'ன்னு திட்டுவா. நானே வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்."

"அவங்க… கேஸ்லயா?"

"இல்ல. அவ சொன்னபடியே அவளும் திறந்துதான் வெச்சிருந்தா. நல்ல காய்ச்சல். பனிப்புயல் அடிச்சுது. சிலிண்டர் தீர்ந்து ஹீட்டர் அணைஞ்சு போச்சு. எந்திரிச்சு மூடப் பாத்திருக்கா. கைப்பிடி உறைஞ்சு நின்னுடுச்சு."

பெர்னடீன் குரலைத் தாழ்த்தினாள்.

"மறுநாள் நாங்க உள்ள போனப்பவும் அதைப் பிடிச்சபடிதான் இருந்தா. விரலைப் பிரிக்க முடியல. வெந்நீர் ஊத்தித்தான் எடுத்தோம்."