வலி சொல்லாத சேதி

அம்பலத்தாடும் ஐயன் தாள் பணிந்து இதனை எழுதுகின்றேன். அன்று கார்த்திகைச் சோமவாரம். கொத்மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பதிகம் ஓதும் நான், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் படியில் வழுக்கி விழுந்து, மருத்துவமனையில் இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை பெற்ற மறுநாள் அது. இதயத்தைக் கண்காணிக்கும் ஒயர்களை மார்பில் ஒட்டியிருந்தார்கள். மார்பில் திருநீறு பூசாமல் ஓத மனம் ஒப்பவில்லை. அவற்றைக் கழற்றிவிட்டுப் பூசிக்கொண்டேன். இயந்திரம் அலறியது.

தாதி ஓடிவந்தார். "என்னங்கய்யா, ஒயர கழட்டிட்டு சாமி கும்புடுறீங்களா? என் உசுரே போயிருச்சு!"

"எனக்கு நெஞ்சுவலியே இல்லையம்மா."

"வலிச்சா நீங்களே சொல்லிருவீங்க. வலிக்காம வர்றத இதுதாங்க சொல்லும்."

நீற்றைத் துடைத்து மீண்டும் ஒட்டினார். சற்று நேரத்தில் திரையைப் பார்த்தவரின் முகம் மாறியது. விரைந்து வந்த மருத்துவர், இதயத்துக்கு இரத்தவோட்டம் குறைந்துள்ளதென்று கூறி உடனே சிகிச்சை தொடங்கினார். இடுப்பு வலிக்குத் தந்த மருந்து நெஞ்சுவலியையும் மறைத்திருக்கலாம் என்றார். அப்போதும் நான் நலமாகவே உணர்ந்தேன்; அதுவே என்னை நடுங்கச் செய்தது.

இப்போது மாதந்தோறும் கிளினிக் செல்கின்றேன். வலியில்லை என்பதால் நலமென்று நானே முடிவு செய்வதில்லை. அங்கே பரிசோதனைக்காக ஒட்டும் ஒயர்களை அவர்கள் சொல்லாமல் கழற்றுவதுமில்லை.

வாசிக்கும் அன்பர் யாவருக்கும் அம்மையப்பன் நல்லுடலும் நீடுவாழ்வும் அருள்க.