வெயிலுக்கு ஒரு டிக்கெட்

நான் தென்காசி–புளியங்குடி பஸ்ஸில் கண்டக்டர். சாரல் பிடித்த ஒரு காலையில் அவர் ஏறினார். ஒல்லி ஆள், வெள்ளைச் சட்டை. கையில் பிடித்த கம்பியில் ஒரு சிவப்புப் பலகை தொங்கியது. நடுவில் இடுப்பு மாதிரி வளைந்த பலகை.

"வெயில் அடிக்கிற ஊருக்கு ஒண்ணு குடுங்க."

"அது எந்த ஊரு அண்ணாச்சி?"

"நீங்கதான தெனமும் போறிய."

கடையநல்லூருக்குக் கொடுத்தேன். பலகை என்னவென்று கேட்டேன்.

"எலக்ட்ரிக் கிட்டாரு. பெட்டியில துண்டு துண்டா வரும், வீட்டுல வச்சு நாமளே சேத்துப் பூட்டணும். குத்தாலத்துல பெயிண்டு காய மாட்டேங்கு. ரெண்டு தடவை சுரண்டிட்டேன். இதான் கடைசி டப்பா."

பஸ் நிறைந்தது. "யாரும் தொட்டுராதிய, ஈரம்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அடிக்கடி குனிந்து பெயிண்டை மோந்து பார்த்தார். கூட்டம் ஒதுங்கி நின்றது.

"சாமி சப்பரத்துக்குக்கூட இம்புட்டு வழி விட்டதில்ல" என்றாள் ஒரு அக்கா.

கடையநல்லூரில் சுள்ளென்று வெயில். அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். பலகை தொங்கிய கம்பி அவர் கையிலிருந்து நழுவியது. சுற்றி இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் கை நீட்டவில்லை. தொடக்கூடாது என்று அவர்தானே சொன்னார். அவரே அதை நெஞ்சோடு கட்டிப் பிடித்தார்.

பாதிச் சிவப்பு சட்டைக்குப் போய்விட்டது.

ஆனாலும் இறங்கினார். ரோட்டோரம் வெயிலைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"பெயிண்டுதான் போச்சே அண்ணாச்சி. இனி எதைக் காயப் போடுதிய?"

"சட்டைய. ஈரத்தோட நின்னா திரும்பிப் போக எந்த பஸ்ஸுல ஏத்துவான்?"

சிரிப்பு அடங்கி விசில் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.